எழுபத்திரண்டு விகுதிகள்

மார்ச் 4
பதிப்பகத்தில் புது நாவல் ஒன்றை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். வருங்காலத்தில் நடக்கிற கதை. நாற்பது பக்கம் தாண்டியதும் எழுத்தாளருக்குத் திணையே மறந்துவிட்டது. 'தாத்தா எழுந்தது', 'டீச்சர் அழுதது'! எழுபத்திரண்டு இடங்களில் சிவப்பு மை. எழுத வந்துவிடுகிறார்கள்.

மார்ச் 6
எழுத்தாளர் போனில் சிரித்தார். "சார், எல்லாத்தையும் திருத்திட்டீங்களே! அது தப்பில்ல, அதுதான் கதையே."

அந்தக் கதையின் நாட்டில், உழைக்க முடியாதவர்களை அரசாங்கம் அஃறிணைப் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பிறகு அவர்களை 'வந்தார்' என்று சொன்னாலே தண்டனை. என் மூக்கு நன்றாக உடைந்தது. ஆனாலும் என்ன மூளை! ஒரு விகுதியை மாற்றி மனிதனையே இல்லாமல் ஆக்கிவிட்டாரே. எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எனக்கு எங்க சார் தோணிச்சு? அம்மாவோட ஒரு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தேன். 'ஏழாம் நம்பர் சாப்பிட்டுச்சா'ன்னு கேப்பாங்க. அதை நாடு முழுக்கப் பரப்பிட்டேன், அவ்வளவுதான்."

மார்ச் 7
மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு.

மார்ச் 9
ஞாயிறு. காலையில் அக்கா கூப்பிட்டாள். அப்பா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாம், வெள்ளிக்குள் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மருந்து குடிச்சுதா?" என்றாள்.

"எங்க? துப்பிடுச்சு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐயோ, யார் துப்பியது? அப்பா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு யாரும் சட்டம் போடவில்லையே! அந்த எழுத்தாளர் எங்கள் வீட்டுக்குள் வந்து ஒளிந்திருந்தாரா என்ன? வருங்காலக் கதை என்று அட்டையில் போடப் போகிறார்கள். நான் பேசியது இன்று காலை. பயமாக இருக்கிறது. அவரைக் கும்பிடவும் தோன்றுகிறது.

மார்ச் 12
படிவத்தில் 'சேருபவரின் சம்மதம்' என்று ஒரு கட்டம். அக்கா அதில் 'பொருந்தாது' என்று நிரப்பி அனுப்பியிருக்கிறாள். நாங்கள் இருவருமே அப்பாவைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை — என்ன பிள்ளைகள்!

இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, அங்க போறீங்களா? இங்கயே இருக்கீங்களா?"

வாய் கோணி, எச்சில் வழிந்து, வெகுநேரம் போராடிச் சொன்னார்: "யோ… சிச்சு… சொல்றேன்."

நான் அசந்துபோனேன்.

மார்ச் 14
மதியம் அக்கா கூப்பிட்டாள். "என்னடா, கையெழுத்துப் போட்டியா இல்லையா? இன்னிக்குத்தான் கடைசி."

"அப்பா இன்னும் யோசிச்சிட்டிருக்கார்க்கா."

"யோசிக்குதா…" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"சரி, அவசரப்படுத்தாத" என்றாள். "அவர் சொல்லட்டும்."