பஸ்ஸில் நடந்த காது பரிசோதனை

கோஜே தீவு

அன்புள்ள மிசுக்,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐம்பத்து மூன்று வயதில் காப்பியடித்துப் பாஸ் செய்திருக்கிறேன். மற்றபடி நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கப்பல் கட்டும் தளத்தில் வருடாந்தர உடல் பரிசோதனை நடந்தது. நிரந்தர ஊழியர்களை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், தூங்கவைத்து வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எங்களைப்போன்ற ஒப்பந்தக்காரர்களுக்கு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. இரும்பு தேய்க்கும் இரைச்சல் எங்களுக்கு, அமைதியான அறை அவர்களுக்கு.

பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்காதவனுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. நான் ஜன்னல் கண்ணாடியில், பொத்தான்மேல் இருந்த நர்ஸின் விரலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன்.

அவள் என் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கத்தினாள்: "ஐயா, நான் பொத்தானை இன்னும் அழுத்தவே இல்ல, அதுக்குள்ள கையத் தூக்கிட்டீங்களே?"

பின்னால் வரிசையில் நின்ற என் கூட்டாளி போங்சில் விடவில்லை. "அண்ணனுக்கு நாளைக்கு வர்ற சத்தமே இன்னிக்குக் கேக்கும். எழுதிக்கம்மா!"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே 'குறையில்லை' என்று எழுதிவிட்டாள். ஆகவே கவலைப்படாதே.

முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தடித்த காலுறையும், ஒரு தலையணை உறையும் வேண்டும். உறை புதிதாக வேண்டாம், நீ போட்டுப் பழசானதே போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அரைமணி நேரம் பேசியதற்கெல்லாம் "சரி, சரி" என்றேனே, நீ என்ன சொன்னாய் என்பதை ஒரு தாளில் எழுதிக் கிம்ச்சியோடு வைத்து அனுப்பு.

உன்
தோக்சு