யானை எழுந்த காலை

அக்கா,

இன்று காலை ஜீப்பின் பின்கதவைத் திறந்தபோது அட்டைப்பெட்டி சரிந்து குளுக்கோஸ் பாட்டில்கள் மண்ணில் உருண்டன. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து வைத்தேன். துடியலூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடை ஓரத்தில் ஓர் ஆண் யானை எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. அதற்காகக் கொண்டுபோனவை. ஏழாவது பாட்டிலையோ எட்டாவதையோ எடுக்கும்போது உன் கை ஞாபகம் வந்தது. ஊசி குத்த இடமில்லாமல் கறுத்துத் தடித்துப் போயிருந்த அந்த இடது கை.

நீ போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. உன்னிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் எனக்குக் குழம்புகிறது என்று அப்படியாவது தெரிகிறதா பார்க்கலாம்.

கல்யாணமாகிக் கருமத்தம்பட்டியில் மச்சானின் தறிக்கூடத்துக்கு நீ போனபோது உனக்கு இருபது வயது. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உன் குரல் அப்படியே உயர்ந்துவிட்டது. போனில் நீ பேசினால் நான் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். டயாலிசிஸ் வார்டிலும் அப்படித்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று நர்ஸ் சொன்னால், மெதுவாகத்தானே பேசுகிறேன் என்று இன்னும் உரக்கச் சொல்வாய். எனக்கு வனத்துறையில் கால்நடை மருத்துவர் வேலை கிடைத்த அன்றைக்குத் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தினாய்: "மாட்டைப் பாத்தாப் பாலாச்சும் கிடைக்கும். ஆனையைப் பாத்து என்னடா கிடைக்கும்?" கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, என்னுடையதில் ஒன்றைத் தருவது என்று நானாகத்தான் முடிவு செய்தேன். வீட்டில் என் மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு, "தர்றதுன்னா சீக்கிரம் தந்துடுங்க, யோசிச்சிட்டே இருந்தா எனக்குப் பயமா இருக்குது" என்றாள். நீதான் நாலு மாதம் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் மச்சான் உன் முன்னால் அழுத பிறகு சரி என்றாய். இரத்த வகை பொருந்தியது. மிச்சம் இருந்த பரிசோதனைகளுக்காகத் திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது. ஒரு பெண் யானை ஓடைக்கரையில் விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் குட்டி நிற்கிறது என்றார்கள். போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அதன் இடது காது கிழிந்திருந்தது. வயிறு ஒட்டி, கண் குழிந்து கிடந்தது. குட்டிக்கு இரண்டு வயது இருக்கும். தாயின் முதுகில் தலையை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதிக்கு இருந்த இன்னொரு மருத்துவர் முகாம் யானைகளைப் பார்க்க ஆனைமலைப் பக்கம் போயிருந்தார். அவர் வர இரண்டு நாள் ஆகும்.

உனக்குப் போன் செய்து, பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஆனைக்கு ஒடம்பு செரியில்லைன்னா எனக்கு ஒடம்பு செரியாயிருக்குதா?" என்றாய். பிறகு நீயே, "குட்டி இருக்குதுன்னியே, பால் குடிக்கற குட்டியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "செரி, பாரு. டாக்டர்கிட்ட மச்சானைப் பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கும் நான் போனைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

அந்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தார்ப்பாய் கட்டி நிழல் போட்டோம். டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து உடம்பு முழுக்க ஊற்றினோம். காதுக்குப் பின்னால் நரம்பைத் தேடி இரண்டு பக்கமும் குளுக்கோஸ் ஏற்றினோம். பொக்லைன் இயந்திரம் வைத்து, வயிற்றுக்குக் கீழே பெல்ட் கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். நிற்கவில்லை. ஊரே கரையில் நின்று பார்த்தது. இரண்டாம் நாள் சரசக்கா என்று ஒருவர் என்னிடம் வந்து பேசினார். பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்.

"ஏனுங்க டாக்டர், அதுக்கு இன்னும் எத்தனை பாட்டில் ஏத்துவீங்க?"

எழுந்திருக்கும் வரைக்கும் ஏற்றுவோம் என்றேன்.

"எங்க ஊட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு பாட்டில் ஏத்தறதுக்குக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தமுங்க." அந்தக் குரலில் கோபமே இல்லை. பார்த்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, குட்டிக்கு ஆகட்டும் என்று ஒரு கட்டு சோளத்தட்டையை வைத்துவிட்டுப் போனார்.

இனி உன்னிடம் அப்போது சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் நாளே ஆனைமலைக்குப் போயிருந்த அந்த மருத்துவர் வந்துவிட்டார். அனுபவசாலி, என்னைவிடக் கைதேர்ந்தவர். வீட்டு நிலைமையைச் சொல்லி நான் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். நான் கிளம்பவில்லை. அந்த யானை என் கையிலிருந்து ராகி உருண்டையை வாங்க ஆரம்பித்திருந்தது, அதனால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட அந்த யானை எனக்கு வசதியாகக் கிடைத்ததோ என்று இருக்கிறது. இரக்கமா பயமா என்று இன்றுவரைக்கும் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

நீயோ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டாய். என்ன தின்றது, குட்டி எங்கே நிற்கிறது, சாணி போட்டதா என்று வார்டுக்கே கேட்கும்படி விசாரித்தாய். பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பொக்லைன் தூக்கிய பிறகு பெல்ட்டைத் தளர்த்தினோம். யானை விழவில்லை. நாலு காலும் நடுங்க நின்றது. குட்டி வந்து அடியில் புகுந்து பால் குடித்தது. கரையில் இருந்தவர்கள் கைதட்டப் போனார்கள், சத்தம் வேண்டாம் என்று கைகாட்டினேன். அங்கேயே நின்று உனக்குப் போன் செய்தேன்.

"எந்திரிச்சுருச்சா?" என்றாய்.

"நிக்குதுக்கா."

"செரி கண்ணு. இனி நீ வரலாம்."

அவ்வளவுதான். அந்த ஒரு நாள் மட்டும் நீ மெதுவாகப் பேசினாய். வாழ்நாளில் முதல் தடவையாக உன் குரலைக் கேட்கப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். சந்தோஷத்தில் குரல் தழைந்தது என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறி வியாழக்கிழமையே உனக்குக் காய்ச்சல் கண்டிருந்தது என்று அங்கே சொன்னார்கள். நான் வரும்போது உனக்கு நினைவில்லை. திங்கட்கிழமை நீ போய்விட்டாய்.

பரிசோதனையைச் சொன்ன நாளில் செய்திருந்தாலும் ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும், இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நானும் மருத்துவம் படித்தவன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது அக்கா? உன்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மச்சான் வாசலில் என்னைப் பார்த்து, "வாங்க டாக்டர்" என்றார். நம் ஊரில் மரியாதையைவிடக் கூர்மையான கத்தி கிடையாது.

அடுத்த ஆடி மாதம் சரசக்காவின் கணவரை யானை தூக்கி எறிந்துவிட்டது. விடியும்போது சோளக்காட்டுக்கு மடை திருப்பப் போனவர். இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். குட்டியோடு வந்த யானை என்றார்கள். காது கிழிந்திருந்தது என்றும் சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கால்தடத்தை அளந்தேன், அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். சரசக்கா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டார்.

"அதே ஆனைதான்னு ஊருக்குள்ள பேசறாங்க. எனக்குத் தெரியலீங்க. அதைக் காப்பாத்துனது தப்புன்னும் நான் சொல்லலீங்க. அன்னைக்கு நீங்க அஞ்சு நாள் பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்கல்ல, அந்த மாதிரி எங்களையும் ஆராச்சும் பாத்தாத் தேவலைங்க."

கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போது மட்டும் என்னிடம் பதில்கள் தயாராக இருக்கின்றன. மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம், இவை சில ஆயிரம்தான். ஒரு இனம் அழிந்தால் திரும்ப வராது. யானை போகும் வழியில்தான் காடு முளைக்கிறது. எல்லாம் உண்மை. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "ஒரு இனம் திரும்ப வராதுங்க சார், ஒரு அப்பா மட்டும் திரும்ப வருவாருங்களா?" என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன், கைதட்டினார்கள். திரும்பி வரும் வழியில் நான் சொன்னதை நானே நம்பவில்லை. ஆனால் அடுத்த நாள் ஒரு யானை விழுந்து கிடக்கிறது என்று போன் வந்தால் ஓடுகிறேன். நம்பாமல் எப்படி ஓடுகிறேன் என்றும் புரியவில்லை.

போன மாதம் மச்சான் தாமாகவே வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, உன் கடைசி வாரத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் என் தம்பி ஆனைக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். என் படத்தைக்கூட போனில் காட்டினாயாம். அதே நாளில், அவர் இட்லி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, "அவன் வரமாட்டான்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தாயாம்.

"இதுல எது மச்சான் நெசம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். நாலு வருசமா நானும் அதைத்தான் ரோசனை பண்ணிட்டிருக்கறேன்" என்றார்.

இதுதான் அக்கா என் கேள்வி. "இனி நீ வரலாம்" என்று நீ சொன்னது, வேலையை நல்லபடியாக முடித்துவிட்டாய், வா கண்ணு என்றா? இல்லை, யானைக்குப் பிறகாவது என் முறை வந்ததா என்றா? சில நாள் ஒன்றாகக் கேட்கிறது, சில நாள் மற்றொன்றாகக் கேட்கிறது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

இன்று மாலை ஓடைக்கரையிலிருந்து திரும்பும்போது சரசக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். புதிதாக விழுந்த யானையைப் பற்றித் தெரிந்திருந்தது. பிழைக்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சரசக்கா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பொழைக்கட்டுமுங்க. எங்க காட்டுக்கு வராம அது காட்டுலயே இருந்துக்கட்டும்" என்றார். நமக்கு விதைக்கிற நிலமும் காடு, அதற்கு மலையும் காடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம்தான் எல்லை கேட்கிறோம்.

நாளை காலை பொக்லைன் வருகிறது. பெல்ட்டைத் தளர்த்தும்போது பக்கத்தில் நிற்பேன். அது விழாமல் நின்றுவிட்டால், கை தானாகப் போனை எடுக்கும். யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை அக்கா.