கைவண்டியும் தையல் மெசினும்

நவம்பர் 18, செவ்வாய்

பின்னேரம் வீடுவீடாக வேதம் சொல்லித் திரிகிற இரண்டு மோர்மன் பொடியன்கள் கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் கறுப்பு ரை. என் மனுசன், இவர்தான், கூப்பிட்டு இருத்தினார். நாங்கள் வந்து குடியேறின இந்த டோர்செட் பார்க்கில் இவரோடு கதைக்க வேறு ஆளில்லை.

உயரமானவன் தன் பாட்டனின் பாட்டியைப் பற்றிச் சொன்னான். மதத்துக்காகத் துரத்தப்பட்ட சனம் கைவண்டி இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடந்ததாம். பனி கொட்டியபோது அவள் சட்டி பானை, மணிக்கூடு எல்லாவற்றையும் வழியில் எறிந்துவிட்டு, நடக்கமாட்டாத தாயை வண்டியில் ஏற்றினாளாம்.

"நாங்களும் உப்பிடித்தான் தம்பி, சண்டைக்கை ஊரைவிட்டுச் சைக்கிள் உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள்," என்றார் இவர்.

அந்தச் சைக்கிளில் இவருடைய தையல் மெசின் இருந்தது. அதை இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இறக்கவில்லை. நடக்கமாட்டாத என் அம்மா வழியில் தங்கின கோயில் மண்டபத்திலேயே இருந்துவிட்டா. பிறகு அவவைக் காணவேயில்லை.

பொடியன்கள் தேத்தண்ணி குடிக்கமாட்டார்களாம். இவர் பழ யூஸ் ஊற்றக் குசினிக்குப் போனார்.

தங்கள் கோயிலில் செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு என்றான் உயரமானவன். உயிரோடு இருக்கிற ஒருவர் அவர்கள் பெயரில் தண்ணீரில் முங்குவாராம். உங்கள் வீட்டில் செத்தவர்கள் யார் என்று கேட்டான்.

அம்மாவின் பெயர் வாய்வரை வந்தது.

"கனகசபை," என்றேன். "என்ரை மனுசன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் யூசோடு வந்ததும், எழும்பி மரியாதையாகப் பெயர் கேட்டான்.

"கனகசபை," என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய.

ஏன் அவங்கள் குடிக்காமல் ஓடினவங்கள் என்று படுக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தேன். செத்த ஆளோடு எனக்கென்ன கதை.