வீட்டு அடுப்பில் வெந்தது

பிப்ரவரி 17, 1942. செவ்வாய்.

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டிடமா? ஹாஸ்டலில் விளக்கு அணைத்த பிறகு எழுதி வார்டனிடம் மாட்டிக்கொண்டு விழித்த பழக்கம். இன்னும் போகவில்லை. சரோ இப்போதுதான் தூங்கினாள்.

காலையில் பனி, பகலில் நல்ல வெயில். அவர் ஆபீஸ் வேலையாக அரூர் கேம்பில். ஞாயிறு வருவார்.

காலையில் அண்ணி வீட்டுக்குத் தூரம். பாய், சொம்பு, தட்டு எடுத்துக்கொண்டு கொல்லை அறைக்குப் போய்விட்டார். மூன்று நாளைக்குச் சமையல் என் பொறுப்பு.

கம்பைநல்லூரில் தன் வீட்டைப் போட்டுவிட்டு அவருடைய அக்காவான அண்ணி இங்கே வந்து இருப்பதே சரோவுக்காகத்தான். இரண்டு வயது முடிந்தும் குழந்தை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. டாக்டர் மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். அண்ணி தீர்த்தமலைக்கு நேர்ந்துகொண்டார். குழந்தையை மலைக்குத் தூக்கிப்போய்த் தீர்த்தம் தெளிக்கும்வரை வீட்டு அடுப்பில் வெந்ததைத் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை. கவிச்சி கிடையாது, கடைப் பண்டம் கிடையாது. உயிராக இருந்த கிளப் காபியைக்கூட விட்டுவிட்டார். வரும் திங்கள் மலைப் பயணம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மீன் எண்ணெயிலும் பெரிதாக இல்லை.

மத்தியானம் சோறு: அடியில் கருகல், மேலே அரிசி. தள்ளி நின்று தட்டில் போட்டேன்.

"ஏங் கண்ணு, காலேசுல சோறு வடிக்கறது பாடத்துல வராதா?"

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். வயிறு நிறைந்துவிட்டதாம்.

இரவு மாவு ஆட்டினேன். கீழே விட்டால் சரோ கத்துகிறாள். இடுப்பில் அவள், கையில் குழவி.

பிப். 18, புதன்.

மாவு பொங்கவில்லை. இட்லி வட்டமாக வந்தது, அதோடு சரி.

அண்ணி ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்தார். "கண்ணு, இத வெச்சு நாய வெரட்டலாம். மோர் இருந்தா ஊத்து, போதும்."

கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. என் பெண்ணுக்காக நேர்ந்துகொண்டவர் என் கையால் பட்டினி.

புடவைத் தலைப்புக்குள் டிபன் கேரியர். சரோவைத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாக, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உடுப்பிக்காரர் காபி கிளப்புக்கு. பெண்களுக்குக் கோணித் திரைக்குப் பின்னால், கை கழுவும் தொட்டியோரம் ஒரு பெஞ்சு.

"ஏனு பேக்கம்மா, என்ன வேணும்?" கேட்டு முடிப்பதற்குள் இலை, இட்லி, சாம்பார். ஆவி பறக்கிறது. ஆட்டவில்லை, ஊதவில்லை, கண் எரியவில்லை. எனக்கும் யாரோ பரிமாறுகிறார்கள். சரோ பிறந்த பிறகு முதல் தடவையாகச் சூடாகச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, சாம்பார் காரம் என்று மூக்கைத் துடைத்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்:

"சிங்கப்பூரு சப்பான்காரங்கிட்ட போயிருச்சாம்யா."

"போனா போவுது. சட்டினி இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு."

கேரியர் நிறைய வாங்கி வந்தேன். அடுப்பை மூட்டி, கிளப் இட்லியை எங்கள் இட்லித் தட்டில் வைத்து மறுபடி ஆவி காட்டினேன். சாம்பாரையும் ஒரு கொதி. வீட்டு அடுப்பில் வெந்ததுதானே. லாஜிக்கில் எழுபது மார்க் வாங்கியவள் நான்.

கொல்லைக்குப் புகை போக வேண்டும் என்று ஈர விறகையும் ஒன்று சொருகினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

அண்ணி தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "இன்னும் ரெண்டு இருக்கா கண்ணு?"

பிப். 19, வியாழன்.

காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் கிளப். கூச்சம்கூட இன்று குறைந்துவிட்டது.

நல்லது: சுத்த சைவம், விரதத்துக்குப் பங்கமில்லை (இல்லையா?). சூடு. கண்மூடித் திறப்பதற்குள் வருகிறது. சரோ முழு இட்லி தின்றாள், வீட்டில் அரை இட்லிக்கே ஊரைக் கூட்டுவாள். ரவா தோசை. ரவா தோசை.

கெட்டது: மாவில் சோடா உப்பு, எனக்கே புளித்த ஏப்பம். எண்ணெய் எத்தனை தடவை காய்ந்ததோ. தொட்டி நாற்றம். பிராமணர்களுக்கு உள்ளே தனி அறை, மற்ற ஆண்களுக்கு முன் ஹால், எங்களுக்குக் கோணித் திரை, சேரிக்காரர்களுக்கு வாசற்படிகூட இல்லை. காலேஜில் இதை எதிர்த்து டிபேட்டில் பேசி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இன்னொரு காபி.

இரவு அண்ணி நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். "என்னமோ எரியுது கண்ணு. ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு."

சீரகத் தண்ணீர் கொடுத்தேன். அதை மட்டும் நானே கொதிக்க வைத்தேன்.

பிப். 20, வெள்ளி.

அண்ணி தலை முழுகி உள்ளே வந்தார். சரோவை மடியில் போட்டு நல்லெண்ணெய் தேய்த்து, காலை நீட்டி மடக்கி, அக்குளில் கை கொடுத்து நிற்க வைத்தார். கால் துவண்டது. "திங்கக்கெழம மல ஏறிட்டு வந்து ஓட்டமா ஓடப் போறா எம் மருமவ."

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கம். அவரிடம் என்னைப் பற்றிப் பெருமை.

"எந்தம்பி பொண்டாட்டிய என்னமோன்னு நெனச்சேங்க. ஒரே நாள்ல கைப்பக்குவம் வந்திருச்சு. சாம்பாரு வெச்சா பாருங்க, நாஞ் செத்தாலும் அந்த மாதிரி வராது."

"படிச்ச புள்ளைங்க, புடிச்சா புடிச்சதுதான்."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. குளிக்கப் போனேன், ஏற்கெனவே குளித்திருந்தும்.

மத்தியானம் அண்ணி சமையல். களி, கீரை. எரிச்சல் நின்றுவிட்டது என்றார்.

சாயங்காலம் சரோவுக்கு உடம்பு சுடுவது போல. இல்லை, வெயில். திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு ஏன் இந்தப் பயம்.

பிப். 21, சனி.

சரோவுக்குச் சுரம் இல்லை. வாங்க வேண்டியது: கற்பூரம், தேங்காய், குழந்தைக்குக் குல்லா.

அண்ணி மலைக்குக் கட்டுச்சோறு பற்றிப் பேசினார். "புளிச்சோறு நானே கிண்டிடறேன். கூட அந்தச் சாம்பாரு வையி கண்ணு. எப்படி வெச்சேன்னு எனக்குங் காட்டு."

சொல்லிவிட்டேன். சாம்பாருக்குப் பயந்து சொன்னேனா, சாமிக்குப் பயந்தா, தெரியவில்லை.

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். "எல்லாமா?"

"புதன்கிழமையிலருந்து நீங்க உள்ள வர்ற வரைக்கும் எல்லாந்தாங்க அண்ணி."

"சட்டினியுமா?"

"ஆமாங்க."

வீட்டு அடுப்பில் மறுபடி சூடு பண்ணியதைச் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போதே அசிங்கமாக இருந்தது. சைவம்தானே என்றும் சொன்னேன்.

"சைவமா இல்லியான்னா நேந்துக்கிட்டேன்? வெந்தத வேவிச்சா அது எந்த வூட்டு அடுப்பு?"

அண்ணி முறத்தை மறுபடி மடியில் எடுத்தார். பிறகு மெதுவாக, "ராத்திரியெல்லாம் நெஞ்சு எரிஞ்சிதில்ல. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பிப். 22, ஞாயிறு.

காலை பஸ்ஸுக்கு அண்ணி கம்பைநல்லூர் போய்விட்டார். நாளை மலை இல்லை. விரதம் முதலிலிருந்து, அவர் வீட்டு அடுப்பில். முடிந்ததும் வந்து குழந்தையைத் தூக்கிப் போவாராம்.

"இங்கியே இருங்க அண்ணி. நீங்களே சமைங்க, நான் அடுப்பங்கரைப் பக்கமே வரல."

"அடுத்த மாசமும் நாங் கொல்லைக்குப் போவணுமே கண்ணு. ஒவ்வொரு வாய்க்கும் இது எதுன்னு ஒன்னக் கேட்டுக்கிட்டு இருக்கணும். அது ஒனக்கும் நல்லால்ல, எனக்கும் நல்லால்ல."

கஞ்சி வைத்திருந்தேன். கண்ணெதிரே, கரியெல்லாம் முகத்தில். தொடவில்லை. தண்ணீர் மட்டும். பஸ் ஏறும்போது சரோ அவர் தலைப்பை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். "அக்கா எங்கே?" எல்லாம் சொன்னேன். நெடுநேரம் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "எங்கம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது அக்காதான்," என்றார். அவ்வளவுதான்.

இரவு சோறு, மிளகு ரசம். சோறு குழைந்துவிட்டது. மூவரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

மண்ணெண்ணெய் தீரப் போகிறது. அண்ணிக்கு நாளைக்கே கார்டு போட வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாராவது படித்துக் காட்டத்தான் கேட்பார், தெருவே கேட்கும். அதனால் கிளப் பற்றி ஒரு எழுத்தும் கூடாது. இவ்வளவுதான் எழுதலாம்:

அண்ணி, சரோ சௌக்கியம். நீங்கள் தேய்த்துவிட்ட மாதிரியே தினமும் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். உங்கள் விரதம் முடியும்வரை நானும் அப்படியே இருக்கிறேன், வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை. போன இடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது, எப்போது வருவீர்கள் என்று யாரையாவது விட்டு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். சீக்கிரம் போடச் சொல்லுங்கள்.