ஹமகுச்சி சாப்பிட்டதெல்லாம்

கனாசவா,
பிப்ரவரி 19.

அன்புள்ள சயோகோ,

இங்கே மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. ஹகொதாதேயில் கேட்கவே வேண்டாம். உன் அக்கா வீட்டில் குளிருக்குக் குறைவில்லாமல் வசதியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய், அதனால்தான் கடிதம். இதை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். பதறாதே, கண்டம் தாண்டிவிட்டது.

முதலில், வேலைக்குப் போகும்போது நீ கட்டித் தந்த அந்தச் சாப்பாட்டு டப்பா விஷயம். பஸ் டிப்போவின் வருடக் கடைசி விருந்தில், என்கூட வேலை செய்யும் ஹமகுச்சி குடித்துவிட்டு உன் முன்னால் குனிந்து, "அண்ணி, உங்க முட்டைச் சுருளுக்கு ஈடே கிடையாது. ரெண்டு வருஷமா தினமும் அதாலதான் வயிறு நிறையுது" என்றான். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், "வெளியே யார் கையால சாப்பிடுறீங்க? அவ பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்று கேட்டாய். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி நின்றேன். மறுநாள் நீ ரயில் ஏறிவிட்டாய்.

அப்படி ஒருத்தி இல்லை, சயோகோ. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். நாலு வாய்க்கு மேல் நெஞ்சுக்குழியில் நின்றுவிடும். தண்ணீரை ஊற்றித் தள்ளுவேன், சில நாள் தண்ணீரே திரும்பி வரும். நீ சுடச்சுடப் பரிமாறும்போது நான் அடிக்கடி எழுந்து குளியலறைக்கு ஓடியது அதற்காகத்தான். கிளினிக்கில் அமிலம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், அதற்கு ஒன்றும் அசையவில்லை. அப்பாவுக்கு உணவுக்குழாயில் வந்த புற்றுநோய்தான் எனக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மிச்சம் வைத்த டப்பாவை உன் கையில் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் ஹமகுச்சியைத் தின்ன வைத்து, கழுவி, காலி டப்பாவாகக் கொண்டுவந்தேன். நீயும் "இன்னிக்கும் ஒரு பருக்கை விடலை" என்று சந்தோஷப்படுவாய். எனக்கு அவமானமாக இருக்கும்.

டிப்போவுக்கு வருடா வருடம் எக்ஸ்ரே வண்டி வருமே, அந்த நாளில் மட்டும் எனக்குச் சளி பிடித்துவிடும். இந்த முறை ஹமகுச்சி விடவில்லை. "டயட்டுன்னீங்க, நம்பினேன். பெல்ட்டுல இன்னும் எத்தனை ஓட்டை போடுவீங்க? அண்ணி போனதுக்கு நான்தான் காரணம்னு எனக்குத் தூக்கமே இல்லை. ஏறுங்கண்ணே வண்டியில" என்று பின்னாலிருந்து தள்ளினான்.

எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் குடிக்கும் பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடி அறைக்குள்ளிருந்த பையன், "ஒரே மூச்சுல குடிங்க சார்" என்றான். குடித்தேன். "இன்னும் குடிக்கலையா?" என்றான். "குடிச்சுட்டேம்பா!" என்றேன். மருந்து முழுவதும் இரைப்பைக்கு மேலேயே தேங்கி நிற்பது திரையில் தெரிந்தது. உணவுக்குழாய் மேலே பை மாதிரி விரிந்து, அடியில் பறவையின் அலகு போலக் கூர்ந்திருந்தது.

பெரிய மருத்துவமனையில் ஒரிஹாரா என்ற பெண் டாக்டர். வாய் வழியாக உள்ளே பார்த்தார், புற்றுநோய் இல்லை. பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செருகி, பத்துத் தடவை தண்ணீரை விழுங்கச் சொல்லி அழுத்தம் அளந்தார். அக்கலேசியா என்று பெயர் சொன்னார். "விழுங்கும்போது அடியில இருக்கற கதவு திறக்கணும். உங்களுக்குத் திறக்கலை. உணவுக்குழாயும் சாப்பாட்டைக் கீழே தள்ளலை. எத்தனை வருஷமா?" என்றார். நாலு என்றேன். "வீட்டுல யாருக்கும் தெரியாதா? நல்ல ஆளுய்யா நீங்க!" என்று திட்டினார். உன் சார்பில் திட்டியது போல இருந்தது.

திங்கள்கிழமை மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே உள்ளே போய், இறுகிய தசையை வெட்டிவிட்டார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் எக்ஸ்ரேயில் மருந்து தங்காமல் கீழே இறங்கியதைக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். அது பாட்டுக்குப் போயிற்று. நர்ஸ் முன்னாலேயே அழுதுவிட்டேன். இன்று கஞ்சி. குழாய் பழையபடி தள்ளாதாம், மென்று மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையும் உண்டு.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உணவு ஆலோசகர் வகுப்பு எடுக்கிறார். அதற்கு ஒரு படிவம். 'வீட்டில் சமைப்பவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "சார், முட்டை வேகவைக்கத் தெரியுமா?" என்றார். "தெரிஞ்சா வகுப்புக்கு ஏன் வர்றேன்?" என்றேன்.

சயோகோ, உன்னை ஏமாற்றியது தப்பு. இரண்டு வருடம் உன் உழைப்பை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு உன் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிடு. வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

படிவத்தில் அடுத்த கேள்வி, 'சேர்ந்து சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?' இரண்டு என்று எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான். நீ சொன்னால் அழித்துவிடுகிறேன். சொல்லாதே.

உன்,
இசாவோ