பத்து வினாடி மௌனம்

மே 14, செவ்வாய்

கேள்வி கேட்டபின் பத்து வினாடி பேசாமல் காத்திருங்கள், பிள்ளைகள் யோசிப்பார்கள் என்று பின்லாந்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். இன்று கொக்குவிலில், என் பள்ளியின் எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தேன்.

"கிணத்துத் தண்ணி ஏன் உவராகுது?"

நாலாவது வினாடியில் வகுப்பே எழுந்து நின்றது. ஏனென்று கேட்டேன்.

"ரீச்சர் பேசாமல் நிண்டால் கோவம் எல்லோ? அதுதான் எழும்பினனாங்கள்," என்றாள் முன்வாங்கில் இருக்கும் தர்சினி.

சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். பதினெட்டு வருடமாக வேறெதற்கு நான் பேசாமல் நின்றிருக்கிறேன்?

அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி காத்திருந்தேன். தர்சினி கையை உயர்த்தினாள்.

"எங்கடை கிணறு உவர். மதிலுக்கு அங்காலை சித்தி வீட்டுக் கிணறு நல்ல தண்ணி. அது ஏன் ரீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. பத்து வினாடி போயிற்று. இம்முறை பேசாமல் காத்திருந்தவர்கள் பிள்ளைகள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.