திரையின் ஓரத்தில் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு விஜயராணி வணங்கி எழுதுவது. புதுப் பல்செட் இப்போது உறுத்தாமல் இருக்கிறதா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? தாராவியில் அத்தை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆபீசில் ஒரு சின்ன விஷயம். போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள் என்று எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டரில் ஏற்றும் மருந்து பில்கள் அடிக்கடி காணாமல் போயின. நான் சேவ் செய்ய மறப்பதாக மேனேஜர் நினைத்தார். இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்து உடனே மறைகிறது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

மாட்டுங்காவிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வேலைக்கு வரும் ஷ்யாமளா மாமிதான், "வாயால சொன்னா எடுபடாதுடி. அது வந்த ஒடனே விண்டோஸ் கீயையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேத்து அமுக்கு. ஸ்கிரீன் அப்படியே படமா சேவ் ஆயிடும்" என்றார்.

மறுநாளே அந்த எச்சரிக்கையைப் படமாகப் பிடித்து ஆபீஸ் குரூப்பில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். தம்பி அனுப்பியிருந்த உங்கள் படமும் திரை ஓரத்தில் திறந்தே இருந்திருக்கிறது. புதுப் பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

மேனேஜர் என் மேஜைக்கே வந்து, கோளாறு சர்வரில்தான் என்று சொல்லி சாரி கேட்டார். பிறகு படத்தில் உங்களைக் காட்டி, "யே கோன் ஹை?" என்று இந்தியில் யாரெனக் கேட்டார்.

"எங்கப்பா" என்றேன், தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.

ஊரிலிருந்து யாராவது வந்தால் இட்லிப் பொடி கொடுத்துவிடுங்கள். அம்மா பேசுவதைத் தம்பி பதிவு செய்து அனுப்பட்டும். இன்றைக்கு என்ன குழம்பு என்று சொன்னால்கூடப் போதும்.

அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள். போகிறேன்.

உங்கள் மகள்
விஜயராணி